கிச்சன் மேடை ஏறிய ஆட்டுக்கல்... சின்ன வீட்டுக்காக கிரைண்டர் சுருங்கியது எப்படி?

கொல்லைப்புறத்திலோ அடுப்படி மூலையிலோ தரையோடு தரையாகக் கிடந்த பொருள் ஆட்டுக்கல். இன்று அதே வேலையைச் செய்யும் மெஷின், மிக்ஸிக்குப் பக்கத்தில் சமையல் மேடையில் உட்கார்ந்திருக்கிறது. டிவி மெலிந்தது, ஃபோன் சுருங்கியது, அதுபோல கிரைண்டரும் சின்னதாகிவிட்டது என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனால் ஃபோனுக்குள் கல் கிடையாது. கிரைண்டருக்குக் கல்தான் உயிரே.

அப்படியென்றால் கல்லை வைத்துக்கொண்டே மெஷினை எப்படிச் சின்னதாக்கினார்கள்? சின்னதாக்கியதில் எது மிச்சம், எது நஷ்டம்? கிரைண்டர் வாங்கப்போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

கோவையில் மாறிய கணக்கு

ஆட்டுக்கல்லில் அடிக்கல் அசையாது, குழவி சுற்றும். சுற்றுவது மனிதக் கை. 1955-ல் கோவையில் பி.சபாபதி உருவாக்கியதுதான் முதல் வெட் கிரைண்டர் என்று சொல்லப்படுகிறது. மோட்டார் வந்ததும் கணக்கு தலைகீழானது. குழவியை ஒரே இடத்தில் பிடித்து நிறுத்தி, கீழே இருக்கும் கல்லைச் சுற்றவிட்டார்கள். கை வலி போனது.

ஆனால் வேறு சில தொல்லைகள் வந்தன. மாவு ஆட்டி முடித்ததும் கனமான குழவியைத் தூக்க வேண்டும், உள்ளே கையை விட்டு மாவை வழிக்க வேண்டும், கல்லைக் கழுவி அந்தத் தண்ணீரையும் வெளியேற்ற வேண்டும். இதற்குத் தீர்வாக வந்ததுதான் சாய்க்கிற மாடல், அதாவது டில்டிங் கிரைண்டர். டிரம்மைச் சாய்த்தால் மாவு பாத்திரத்தில் விழும். வேலை பாதியானது. ஆனாலும் அதை வைக்கத் தரையில் தனி இடம் வேண்டும். ஒருமுறை வைத்துவிட்டால் நகர்த்துவது லேசில் நடக்காது.

கோவை கிரைண்டருக்கு 2005-06-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் அதற்குள் வீடுகள் மாறத் தொடங்கியிருந்தன.

ஃபிளாட் கேட்ட கேள்வி

அபார்ட்மென்ட் கிச்சனில் தரை என்பது நடக்கிற வழி மட்டும்தான். எல்லா வேலையும் நின்றுகொண்டே, மேடைமேல் நடக்கிறது. அந்த மேடையின் அகலமோ சுமார் 2 அடி. அதிலும் அடுப்பும் சிங்க்கும் போக மிஞ்சுவது கொஞ்சம்தான். மேலே அலமாரி வேறு. வாடகை வீடு என்றால் அடிக்கடி மூட்டை கட்ட வேண்டும்.

ஆக, டிசைன் செய்பவர்கள் முன் இருந்த நிபந்தனை இதுதான். ஒரே ஆள் நகர்த்துகிற எடை, அலமாரிக்கு அடியில் அடங்குகிற உயரம், பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டாத அளவுக்குச் சத்தம். ஆனால் மாவு மட்டும் பழைய மாதிரியே பொங்க வேண்டும்.

ஒரு பெரிய கல்லுக்குப் பதில் பல சின்னக் கல்

டேபிள் டாப் கிரைண்டரில் குடைந்த பெரிய கல் கிடையாது. அதன் இடத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டிரம், அதன் அடியில் மட்டும் கல். மேலே ஒற்றைக் குழவிக்குப் பதில் இரண்டு, மூன்று அல்லது நான்கு சின்னக் கற்கள். டிரம் சுற்றும்போது அதன் மேல் இந்தக் கற்கள் உருளும். இடையில் சிக்குகிற அரிசியும் உளுந்தும் நசுங்கி அரைபடும்.

பல மாடல்களில் இந்தக் கற்கள் கூம்பு வடிவத்தில் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அது அழகுக்காக இல்லை. சுற்றுகிற தட்டில் நடுப்பகுதி மெதுவாகவும், ஓரப்பகுதி வேகமாகவும் நகரும். கோவில் தேர் திரும்பும்போது உள்பக்கம் இருப்பவர் மெல்ல நடக்க, வெளிப்பக்கம் இருப்பவர் ஓட வேண்டியிருக்கிறதே, அதே கதைதான். கல் ஒரே பருமனாக இருந்தால் ஒரு முனை சரியாக உருளும், இன்னொரு முனை வழுக்கித் தேயும். ஓரத்தில் பருத்து நடுவில் சிறுத்திருந்தால் இரண்டு முனையும் தட்டோடு சேர்ந்து உருளும்.

சுருக்கமாகச் சொன்னால், கல்லின் எடையைக் குறைத்தார்கள், கல் மாவைத் தொடுகிற இடங்களைக் கூட்டினார்கள்.

அப்போ மிக்ஸி போதாதா?

இடம்தான் பிரச்னை என்றால் மிக்ஸியிலேயே அரைக்கலாமே என்று கேட்கலாம். அரைக்கலாம், பலரும் அரைக்கிறார்கள். ஆனால் இரண்டும் செய்யும் வேலை வேறு.

மிக்ஸி பிளேடு வெட்டுகிறது. அதன் மோட்டார் சும்மா ஓடும்போது நிமிடத்துக்கு 18,000 சுற்றுக்குப் பக்கத்தில் போகும். அந்த வேகத்தில் மாவு சூடாகிவிடும். அதனால்தான் மிக்ஸியில் அரைப்பவர்கள் ஐஸ் தண்ணீர் ஊற்றுகிறார்கள். கிரைண்டர் டிரம்மின் வேகம் இதில் நூறில் ஒரு பங்குக்குப் பக்கம்தான். மெதுவாக நசுக்குவதால் சூடு குறைவு. நேரம் எடுத்து அரைபடுவதால் உளுந்துக்குள் காற்று ஏறி நுரைத்து வரும். இட்லி பூப்போல வருவதற்கு இந்த நுரையும், அதன்பின் நடக்கும் புளிப்பும்தான் காரணம்.

சத்தத்திலும் வித்தியாசம் இருக்கிறது. மிக்ஸியில் பிரஷ் வைத்த அதிவேக மோட்டார். கிரைண்டரில் பொதுவாக இண்டக்‌ஷன் மோட்டார், அது இரைச்சல் குறைவு.

கரண்ட் பில்? டேபிள் டாப் மோட்டார் பெரும்பாலும் 150 வாட். அரை மணி நேரம் ஓடினால் 0.075 யூனிட். 750 வாட் மிக்ஸி 6 நிமிடம் முழுச் சுமையில் ஓடினாலும் அதே 0.075 யூனிட்தான். அதனால் கிரைண்டர் ரொம்ப நேரம் ஓடுகிறதே என்று பயப்பட வேண்டாம்.

இன்னும் தீராத சிக்கல்

2011-ல் தமிழக அரசு மிக்ஸி, மின்விசிறியோடு விலையில்லா கிரைண்டரும் கொடுத்தபோது, டேபிள் டாப் வகைதான் வீடுகளுக்குப் போனது. ஒற்றை அறை வீட்டிலும் அது அடங்கியது. ஆனால் அடங்குவதும், பயன்படுவதும் ஒன்றல்ல.

பல மாடல்களில் மாவை எடுக்க டிரம்மையே கழற்றித் தூக்க வேண்டும். அடிக்கல், அதன்மேல் ஈர மாவு, வழுக்குகிற விளிம்பு. மணிக்கட்டு வலி, தோள் வலி உள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும் இதுதான் பெரிய கண்டம். குனிந்து ஆட்டும் வேலையை மெஷின் வாங்கிக்கொண்டது, தூக்கும் வேலையை மனிதரிடமே விட்டுவிட்டது. கிரைண்டர் பழுதே இல்லாமல் பரணில் கிடக்கிறது என்றால், பல வீடுகளில் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

மேடையில் வைக்கிற டில்டிங் மாடல்கள் இதைச் சமாளிக்கின்றன. ஆனால் சாய்க்கும் அமைப்பு சேர்வதால் எடையும் விலையும் ஏறும். சாய்க்கும் பக்கத்தில் பாத்திரம் வைக்க இடமும் வேண்டும்.

கடைக்குப் போகும் முன் இதைப் பாருங்க

* மெஷின் உயரத்தை மட்டும் பார்க்காதீர்கள். மூடியைத் திறந்து கல்லை மேலே தூக்கி எடுக்கும் உயரத்தை அளந்து பாருங்கள். மேல் அலமாரி இடித்தால் ஒவ்வொரு முறையும் மெஷினை முன்னால் இழுக்க வேண்டியிருக்கும்.
* கடையிலேயே டிரம்மைக் கல்லோடு தூக்கிப் பாருங்கள். வீட்டில் மாவு ஆட்டப்போவது யாரோ, அவர் தூக்கிப் பார்ப்பது முக்கியம்.
* இரண்டு பேர் இருக்கும் வீட்டுக்கு 2 லிட்டர் கிரைண்டர் தேவையில்லாமல் போகலாம். மாவு ரொம்பக் கம்மியாக இருந்தால் கல்லில் சரியாகச் சிக்காமல் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒரு லிட்டர் அளவிலும் மாடல்கள் உண்டு.
* கற்களைத் தனித்தனியாகக் கழற்ற முடிகிறதா என்று பாருங்கள். தண்டுக்கும் கல்லுக்கும் இடையில் தங்கும் பழைய மாவுதான் நாற்றத்துக்குக் காரணம்.
* வெறும் கல்லை ஓடவிடாதீர்கள். கல்லும் கல்லும் உரசித் தேய்ந்து, பொடி மாவில் கலக்கும்.

சின்ன வீட்டுக்கான கிரைண்டர் என்றால் விளம்பரத்தில் முதலில் காட்டுவது அது எவ்வளவு இடத்தை அடைக்கும் என்பதைத்தான். வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு: வாரம் இரண்டு முறை இதைத் தூக்கி, கழுவி, திரும்ப மாட்டப்போவது யார்? அவருடைய கைக்கு அடங்குகிற மெஷின்தான் அந்த வீட்டுக்குச் சரியான சைஸ்.