கார் ஆடினால் ஒன்று, உட்கார்ந்தால் இன்னொன்று

கடந்த ஆண்டு இறுதியில், மழை கொட்டிய ஓர் இரவு. கிள்ளானிலிருந்து தைப்பிங்கில் உள்ள பாட்டி வீட்டுக்குக் குடும்பத்தோடு போய்க்கொண்டிருந்தோம். ஈப்போவைத் தாண்டி மெனோரா சுரங்கப்பாதையை நோக்கி ஏறும் வளைவு ஒன்றில், சாலையில் இருந்த சிறு மேட்டில் கார் ஏறி இறங்கியது. அவ்வளவுதான். பின்பக்கம் துள்ளி, ஒரு கணம் பக்கவாட்டில் வழுக்கியது. அப்பா பதறாமல் ஸ்டியரிங்கைச் சரிசெய்துவிட்டார். சுங்கை பேராக் ஓய்விடம் வரும் வரை காரில் யாரும் பேசவில்லை. அங்கே இறங்கியதும் அப்பா சொன்ன முதல் வார்த்தை, “இந்தக் காடிய வித்துடலாம்.”

எங்களுடையது டபிள்யூ 124 வகை மெர்சிடிஸ் பென்ஸ். 1984 இறுதியில் அறிமுகமாகி, உலகெங்கும் 25 லட்சத்திற்கும் மேல் தயாரிக்கப்பட்ட வகை இது. நம் நாட்டுச் சாலைகளில் இன்றும் காணலாம். பழைய ஆடம்பரக் கார்கள் இப்போது மலிவாகக் கிடைப்பதால், கல்லூரி மாணவர்கள் சிலரும் அவற்றை வாங்குகிறார்கள். ஆனால் குறைந்தது வாங்கும் விலை மட்டுமே. காரின் எடையும் வேகமும் குறையவில்லை. அவற்றைத் தாங்கும் பாகங்களுக்கோ வயதாகிவிட்டது.

இரண்டு வேலை, இரண்டு பாகம்

விற்பதற்கு முன் காரணத்தையாவது தெரிந்துகொள்வோம் என்று, பழக்கமான பட்டறைக்குக் காரைக் கொண்டுபோனோம். முன்பு வேறொரு பட்டறையில், பின்பக்கம் தாழ்ந்திருக்கிறது என்று சொன்னபோது, ஸ்பிரிங்கின் சுற்றுகளுக்கு இடையே ரப்பர் துண்டுகளைச் செருகி அனுப்பியிருந்தார்கள். அதைப் பார்த்த பட்டறை மாமா சிரித்தார். “எப்சோர்பர் போனா காடி ஆடும்மா. ஸ்பிரிங் போனா காடி உட்காரும். உங்க காடி ரெண்டும் பண்ணுது.”

இயந்திரப் பொறியியல் படிக்கும் எனக்கு, அந்த மூன்று வாக்கியங்கள் ஒரு விரிவுரைக்குச் சமம்.

ஸ்பிரிங்கின் வேலை எடையைத் தாங்குவது. படிவம் 5 இயற்பியலில் மீள்மை பாடத்தில் வரும் ஹூக் விதிதான் இங்கே ஆட்சி செய்கிறது: விசை என்பது சுருள் மாறிலியை நீளமாற்றத்தால் பெருக்கக் கிடைப்பது. ஒரு பின்சக்கரத்தில் உணரப்படும் மாறிலி, மீட்டருக்கு 20,000 நியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். பின்னிருக்கையில் ஆட்களும் பூட்டில் பைகளும் சேர்ந்து ஒரு பக்கத்துக்கு 100 கிலோ கூடினால், கார் ஏறத்தாழ 5 செ.மீ. தாழும்.

ஆனால் ஸ்பிரிங் தானாக அடங்காது. அழுத்தி விட்டால் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். அதே சக்கரத்தின் மேல் 300 கிலோ எடை இருந்தால், நொடிக்கு ஏறத்தாழ 1.3 முறை ஆடும். அந்த ஆட்டத்தை அடக்குவதே எப்சோர்பரின் வேலை. அதன் உள்ளே ஒரு பிஸ்டன், எண்ணெயைச் சிறு துளைகள் வழியே தள்ளுகிறது. ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாக மாறி வெளியேறுகிறது. எண்ணெய் கசிந்தாலோ, உள்ளிருக்கும் வால்வு தேய்ந்தாலோ அடக்க ஆளில்லை.

மெனோரா வளைவில் நடந்ததும் இதுதான். டயரின் பிடி, அது சாலையை எவ்வளவு அழுத்துகிறது என்பதைப் பொறுத்தது. சக்கரம் துள்ளும்போது அந்த அழுத்தம் குறைகிறது, உராய்வும் குறைகிறது. ஈரச் சாலையில் ஏற்கெனவே பிடி குறைவு. வளைவில் காரைப் பிடித்து நிறுத்த எதுவும் மிஞ்சவில்லை.

ஸ்பிரிங் “மென்மையாகிறதா”?

பழைய ஸ்பிரிங் மென்மையாகிவிடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது சரியல்ல. ஒரு சுருளின் விறைப்பு, கம்பியின் தடிமன், சுருளின் விட்டம், சுற்றுகளின் எண்ணிக்கை, எஃகின் தன்மை ஆகியவற்றைப் பொறுத்தது. வயதானாலும் இவை பெரிதாக மாறுவதில்லை. மாறுவது உயரம். பல ஆண்டுகள் எடையைச் சுமந்த எஃகு, சிறிது சிறிதாக நிரந்தரமாகச் சுருங்கிவிடுகிறது. துரு பிடித்தால் கம்பியில் குழி விழுந்து, ஒருநாள் முறிந்தும் போகலாம்.

இதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. காரைத் தாழ்த்தி “ஸ்டைலாக” ஓட்ட ஸ்பிரிங்கை வெட்டும் நண்பர்கள் உங்களுக்கும் இருப்பார்கள். வேலை செய்யும் 8 சுற்றுகளில் 2-ஐ வெட்டினால், ஸ்பிரிங் 33 விழுக்காடு விறைப்பாகிவிடும். அசையும் தூரமோ குறைந்துவிடும். வெட்டிய முனை தன் இருக்கையில் சரியாக உட்காராது. எப்சோர்பரும் இந்தப் புதிய விறைப்புக்கு ஏற்றதல்ல.

கழற்றிய நாள்

அப்பா ஒருவழியாக ஒப்புக்கொண்டார். இரண்டு பக்கமும் புது எப்சோர்பர், புது ஸ்பிரிங். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் இடதும் வலதும் வெவ்வேறாக நடந்துகொள்ளும் என்பதால், இவற்றை இணையாகத்தான் மாற்ற வேண்டும்.

வேலை தொடங்கும் முன் மாமா ஒரு டேப்பை எடுத்து, சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து குறித்துக்கொண்டார். வலது பக்கம் 2 செ.மீ. தாழ்வாக இருந்தது. பிறகு முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, காரைத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தினார்.

இந்தக் காரின் பின்பக்கத்தில் ஒவ்வொரு சக்கரத்தையும் ஐந்து கைகள் பிடித்திருக்கின்றன. 1982-இல் வந்த 190 வகையில் மெர்சிடிஸ் முதலில் பயன்படுத்திய அமைப்பு இது. ஸ்பிரிங்கும் எப்சோர்பரும் தனித்தனியே நிற்கும். எப்சோர்பரின் மேல் நட்டு, பூட்டின் உள்ளே பக்கவாட்டு விரிப்புக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. அதைத் தொடுமுன் மாமா கீழ்க்கைக்கு அடியில் ஜேக்கை வைத்து முட்டுக் கொடுத்தார். சக்கரம் ஓர் எல்லைக்குமேல் கீழே தொங்காமல் பிடித்துவைத்திருப்பதும் எப்சோர்பர்தான். முட்டில்லாமல் கழற்றினால் கை சட்டென்று கீழே விழும்.

அடுத்து ஸ்பிரிங். அதை இறுக்கிச் சுருக்கும் கருவியை மாட்டியதும், “தள்ளி நில்லும்மா” என்றார் மாமா. ஏன் என்று மனத்துக்குள் கணக்குப் போட்டேன். ஸ்பிரிங் கீழ்க்கையின் நடுவில் உட்கார்ந்திருப்பதால், அதன் சொந்த மாறிலி சக்கரத்தில் உணரப்படுவதைவிட அதிகம். 50,000 என்று எடுத்துக்கொண்டு 15 செ.மீ. சுருக்கினால், அதில் ஏறத்தாழ 560 ஜூல் ஆற்றல் அடைந்திருக்கும். என்னைப் போன்ற ஒருவரை 1 மீட்டர் உயரத்துக்குத் தூக்கப் போதுமானது. கருவி நழுவினால் அது முழுவதும் ஒரே நொடியில் வெளிவரும். இது வீட்டு வாசலில் வீடியோ பார்த்துச் செய்யும் வேலை இல்லை.

கழற்றிய எப்சோர்பரை மாமா என் கையில் கொடுத்து அழுத்தச் சொன்னார். வலது பக்கத்துத் தண்டு, சைக்கிள் பம்பைவிட எளிதாக உள்ளே போனது. போன இடத்திலேயே நின்றுவிட்டது. வாயு நிரப்பிய புதியதை முழுப் பலத்தோடு அழுத்தினேன். மெல்ல இறங்கியது, கையை எடுத்ததும் தானே மேலே வந்தது. அந்த மழை இரவில் நாங்கள் எதை நம்பிப் பயணம் செய்தோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

ஸ்பிரிங்கின் தலைப்பக்கத்து ரப்பரில் சிறு புள்ளிகள் புடைத்திருந்தன. எத்தனை புள்ளி என்பது ரப்பரின் தடிமனைக் காட்டும். மாமா அதைப் பார்த்து, அதே அளவில் புது ரப்பரைப் போட்டார்.

எல்லாம் மாட்டியான பிறகும் சில போல்ட்டுகளை அவர் முழுதாக இறுக்கவில்லை. காரின் எடை சக்கரங்களில் இறங்கிய பிறகே இறுக்கினார். கேட்டேன். “காடி நிக்கிற நிலையிலதான் ரப்பர் ஓய்வா இருக்கணும். தொங்கும்போது இறுக்கினா, எப்பவும் முறுக்கிக்கிட்டே கிடந்து சீக்கிரம் கிழியும்.” முறுக்குத் தகைவு என்று நான் விரிவுரையில் எழுதிவைத்ததை, அவர் ஸ்பேனரால் எழுதினார்.

வாங்கும் முன் பாருங்கள்

பழைய கார் வாங்க நினைப்பவர்கள் சமதளத்தில் நிறுத்தி நான்கு மூலைகளின் உயரத்தையும் அளந்து பாருங்கள். எப்சோர்பரில் எண்ணெய் ஈரம் இருக்கிறதா, டயர் அலை அலையாகத் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஹாஃப் கட் கடையில் கதவு, விளக்கு வாங்கலாம். தேய்ந்து தீரும் பாகமான எப்சோர்பரை வாங்காதீர்கள். சில கார்களில், குறிப்பாக இதே வகையின் ஸ்டேஷன் வேகனில், பின்பக்க உயரத்தை எண்ணெய் அழுத்தத்தால் தானே சரிசெய்யும் அமைப்பு உண்டு. அதற்குச் சாதாரண எப்சோர்பர் பொருந்தாது. இந்தச் செலவையும் சேர்த்துத்தான் காரின் விலை.

இந்த ஆண்டு தைப்பூச விடுமுறையில் மறுபடியும் தைப்பிங் போனோம். அதே ஏற்றம், அதே வளைவு. கார் ஒருமுறை இறங்கி, ஒருமுறை எழுந்து, அடங்கியது. பின்னிருக்கையில் தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். அப்பா விற்பதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. சுங்கை பேராக்கில் நிறுத்தாமலே போய்விட்டோம்.