"அவருக்குப் பதில் நான் சாகிறேன்!"

1941-ம் ஆண்டு, ஜுலை மாதக் கடைசி.

போலந்து நாட்டில் ஆஷ்விட்ஸ் என்ற இடம். ஹிட்லரின் நாஜிகள் அங்கே பெரிய சிறை முகாம் ஒன்றை அமைத்திருந்தார்கள். சுற்றிலும் மின்சாரம் பாயும் முள்வேலி. உள்ளே ஆயிரக்கணக்கான கைதிகள். பெயர் சொல்லி அவர்களை யாரும் கூப்பிடுவதில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர், அவ்வளவுதான்.

ஒரு நாள் கைதிகளைக் கணக்கெடுத்தார்கள். ஓர் ஆள் குறைந்தது. தப்பி ஓடிவிட்டான்!

மற்றக் கைதிகளுக்கு உடல் நடுங்கியது. காரணம், முகாமில் ஒரு கொடிய தண்டனை இருந்தது. ஒருவன் தப்பி ஓடினால், அவனோடு தங்கியிருந்தவர்களில் பத்துப் பேரைப் பட்டினி போட்டுக் கொன்றுவிடுவார்கள்!

மறுநாள் அவர்களை வெயிலில் வரிசையாக நிறுத்தினார்கள். உட்காரக் கூடாது. அசையக் கூடாது. பலர் மயங்கி விழுந்தார்கள்.

மாலையில் அதிகாரி பிரிட்ச் வந்தான். வரிசை வரிசையாக நடந்தான். ஒவ்வொருவர் முகத்தையும் உற்றுப் பார்த்தான். "இவன்!" என்று கை நீட்டினான். அப்படிக் கை நீட்டியே பத்துப் பேரைப் பொறுக்கி எடுத்தான்.

அந்தப் பத்துப் பேரில் ஒருவர் போலந்துப் பட்டாளத்தில் சார்ஜண்டாக இருந்தவர். பெயர் கயோவ்னிசெக். அவரால் துக்கத்தை அடக்க முடியவில்லை.

"ஐயோ, என் மனைவி! என் பிள்ளைகள்!" என்று கதறினார்.

அந்தக் கதறல் அதிகாரியின் காதில் விழுந்தது. மனதில் விழவில்லை.

ஆனால், வரிசையில் நின்ற இன்னொருவர் மனதில் விழுந்தது.

வரிசையை விட்டு வந்தவர்

அனுமதி இல்லாமல் வரிசையை விட்டு நகர்ந்தால் துப்பாக்கி பேசும். அது எல்லாக் கைதிகளுக்கும் தெரியும். அப்படி இருந்தும் ஒருவர் வரிசையை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். மெலிந்த உடல். கண்ணாடி போட்ட முகம். நடையில் பதற்றம் இல்லை.

நேராக அதிகாரியின் எதிரில் போய் நின்றார்.

"யார் நீ? உனக்கு என்ன வேண்டும்?" என்றான் பிரிட்ச்.

"நான் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். இவருக்கு மனைவி, மக்கள் இருக்கிறார்கள். இவருக்குப் பதில் நான் சாகிறேன்" என்றார் அவர்.

கூடியிருந்தவர்கள் மூச்சு விடவும் மறந்தார்கள். சாவிலிருந்து தப்பிக்க மன்றாடுகிற கைதிகளை அதிகாரி பார்த்திருக்கிறான். சாவைக் கேட்டு வாங்குகிற கைதியை இப்போதுதான் பார்க்கிறான்!

சிறிது நேரம் பேசாமல் நின்றான். பிறகு, "சரி" என்றான்.

சார்ஜண்டு வரிசைக்குத் திரும்பினார். பாதிரியார் மரண வரிசைக்குப் போனார். அவருடைய நம்பர் 16670. அவர் பெயர், மாக்சிமிலியன் கோல்பே.

இரண்டு கிரீடங்கள்

யார் இந்தக் கோல்பே?

1894-ம் ஆண்டு ஜனவரி 8-ந் தேதி போலந்தில் ஓர் ஏழை நெசவாளியின் மகனாகப் பிறந்தார். தாய் தகப்பன் இட்ட பெயர் ரெய்முண்ட். சிறு வயதில் குறும்பு அதிகம்.

"நீ எப்படித்தான் உருப்படப் போகிறாயோ?" என்று ஒரு நாள் தாய் அலுத்துக்கொண்டாள். சிறுவனுக்கு அது மனதில் தைத்தது. கோவிலுக்குப் போய், "நான் என்ன ஆவேன், தாயே?" என்று மாதாவிடம் அழுது கேட்டான்.

அப்போது மாதா தனக்குக் காட்சி தந்ததாக அவன் தாயிடம் சொன்னான். அவள் கையில் இரண்டு கிரீடங்கள் இருந்தனவாம். ஒன்று வெள்ளை, தூய வாழ்வுக்கு. மற்றொன்று சிவப்பு, தியாக மரணத்துக்கு. "எது வேண்டும்?" என்று மாதா கேட்டாளாம். "இரண்டும் வேண்டும்" என்றானாம் பிள்ளை!

இதை அவருடைய தாய் வெளியே சொன்னது மகன் இறந்த பிறகுதான்.

துப்பாக்கி இல்லாத பட்டாளம்

வாலிப வயதில் கோல்பேக்குப் பட்டாளத்தில் சேர ஆசை இருந்தது. ஆனால், பிரான்சிஸ்கன் சபைத் துறவியானார். ரோமாபுரிக்குப் போய்ப் படித்து, இரண்டு டாக்டர் பட்டங்கள் பெற்றார்.

1917-ம் ஆண்டில் ரோமாபுரித் தெருக்களில் திருச்சபையை எதிர்த்து ஊர்வலங்கள் நடந்தன. கோல்பே அவற்றைப் பார்த்தார். கல்லுக்குக் கல் என்று அவர் புறப்படவில்லை. ஆறு தோழர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு 'சேனை' அமைத்தார். அது மாதாவின் சேனை. அதில் துப்பாக்கி இல்லை, வாள் இல்லை. ஜெபமும் எழுத்தும்தான் ஆயுதம். பகைவனை அழிப்பது அதன் நோக்கமல்ல. அவன் மனதை மாற்றுவதே நோக்கம்.

இதற்கிடையே காசநோய் அவர் உடலை அரித்தது. அவரோ ஓயவில்லை. 1922-ல் ஒரு மாதப் பத்திரிகை தொடங்கினார். முதலில் 5,000 பிரதிகள் அச்சாயின. போகப் போகப் பல லட்சமாக வளர்ந்தது. 1927-ல் வார்சா நகருக்கு அருகே ஒரு மடம் கட்டினார். நாளடைவில் அங்கே சுமார் 700 துறவிகள் சேர்ந்தார்கள். அச்சுக் கோப்பதும், இயந்திரம் ஓட்டுவதும், கட்டுக் கட்டுவதும் எல்லாம் துறவிகளே! 1935-ல் ஒரு தினப்பத்திரிகையும் வெளிவந்தது.

1930-ல் ஜப்பானுக்குப் போனார். நாகசாகி நகரில் மடம் கட்டி, ஜப்பான் மொழியிலும் பத்திரிகை நடத்தினார். 1932-ல் நம் நாட்டு மலபாருக்கும் வந்து போனார்.

"நம்புகிறாயா?"

1939 செப்டம்பரில் ஹிட்லரின் படை போலந்துக்குள் புகுந்தது. கோல்பேயும் கைதானார். மூன்று மாதத்துக்குள் விடுதலை கிடைத்தது.

வேறொருவராக இருந்தால் பேசாமல் இருந்திருப்பார். கோல்பே மடத்தின் கதவுகளை அகதிகளுக்குத் திறந்துவிட்டார். வீடு இழந்த போலந்து மக்கள் வந்தார்கள். உயிருக்குப் பயந்த யூதர்களும் வந்தார்கள். எல்லோருக்கும் இடம் கிடைத்தது, கஞ்சியும் கிடைத்தது.

1941 பிப்ரவரி 17-ந் தேதி நாஜிப் போலீஸ் மறுபடியும் வந்தது. அவரை வார்சா சிறைக்குக் கொண்டுபோனார்கள்.

அங்கே நடந்ததை உடனிருந்த கைதிகள் சொல்லியிருக்கிறார்கள். ஒரு காவல் அதிகாரி அவருடைய ஜெபமாலைச் சிலுவையைப் பிடித்து இழுத்தான். "இதை நம்புகிறாயா?" என்று கேட்டான்.

"நம்புகிறேன்" என்றார்.

முகத்தில் ஓங்கி அறைந்தான். மறுபடியும் கேட்டான். "நம்புகிறேன்" என்றார். மறுபடியும் அறை. மீண்டும் அதே கேள்வி. மீண்டும் அதே பதில். அடித்த கைதான் ஓய்ந்தது!

மே மாதக் கடைசியில் ஆஷ்விட்சுக்குக் கொண்டுவரப்பட்டார். கடும் வேலை, உதை, பசி. கிடைத்த ரொட்டித் துண்டையும் பிறருக்குப் பங்கிட்டுக் கொடுத்தார். "பகைமைக்கு இடம் கொடுக்காதீர்கள்" என்று சக கைதிகளைத் தேற்றினார். முகாமில் நாஜிகள் முதலில் கொன்றது மனித மனதைத்தான். அந்த மனதைக் காப்பாற்றுவதே அங்கே அவர் நடத்திய போர்.

இருட்டறையில் பாட்டு

பத்துப் பேரையும் 11-ம் நம்பர்க் கட்டிடத்தின் நிலவறையில் அடைத்தார்கள். உடைகளைப் பறித்துக்கொண்டார்கள். அன்னமும் இல்லை, தண்ணீரும் இல்லை.

அங்கிருந்து வழக்கமாகக் கேட்பது அலறலும் சாபமும்தான். இப்போது கேட்டதோ ஜெபம்! கோல்பே தொடங்கி வைப்பார். மற்றவர்கள் சேர்ந்து பாடுவார்கள். பக்கத்து அறைகளில் இருந்தவர்களும் கூடப் பாடுவார்கள். பிணங்களை எடுக்க வந்துபோன கைதி ஒருவர், போர் முடிந்த பின் இதைச் சாட்சியமாகச் சொன்னார்.

நாட்கள் செல்லச் செல்லக் குரல்கள் குறைந்தன. இரண்டு வாரத்தில் நால்வரே மிஞ்சினார்கள். அவர்களில் கோல்பே மட்டும் நினைவோடு இருந்தார்.

நாஜிகளுக்கு அறை காலியாக வேண்டும். ஆகஸ்டு 14-ந் தேதி விஷ ஊசியோடு ஆள் வந்தான். கோல்பே ஜெபித்துக்கொண்டே தாமாகக் கையை நீட்டினார். அப்போது அவருக்கு வயது 47. மறுநாள் மாதாவின் விண்ணேற்புத் திருநாள். அன்றுதான் அவருடைய உடலை எரித்தார்கள்.

பிழைத்தவர்

சார்ஜண்டு கயோவ்னிசெக் என்ன ஆனார்?

போர் முடியும்வரை முகாம்களில் உயிரோடு இருந்தார். விடுதலையாகி வீடு திரும்பினார். மனைவி இருந்தாள். ஆனால், எந்தப் பிள்ளைகளுக்காகக் கதறினாரோ அந்த இரு மகன்களும் இல்லை! 1945-ல் குண்டு வீச்சில் மாண்டு போயிருந்தார்கள்.

அந்தத் துயரத்திலும் அவர் ஒரு கடமையை ஏற்றார். தமக்காக ஒருவர் இறந்த கதையை ஊர் ஊராகச் சொன்னார்.

1982 அக்டோபர் 10-ந் தேதி. ரோமாபுரியில் பெருங்கூட்டம். போலந்திலே பிறந்த போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால், கோல்பேயைப் புனிதர் என்று அறிவித்தார். 'வேதசாட்சி' என்றும் அழைத்தார். சின்ன வயதில் கேட்ட சிவப்புக் கிரீடம் கிடைத்துவிட்டது!

அந்தக் கூட்டத்தில் 80 வயதுக் கிழவர் ஒருவர் கண்ணீரோடு உட்கார்ந்திருந்தார். அவர்தான் கயோவ்னிசெக். 1995-ல், தமது 93-ம் வயதில்தான் அவர் காலமானார்.

ஆஷ்விட்சில் நாஜிகளிடம் துப்பாக்கி இருந்தது, முள்வேலி இருந்தது, விஷ ஊசி இருந்தது. கோல்பேயிடம் இருந்தது ஒரே ஒரு வார்த்தை: "நம்புகிறேன்". அந்த வார்த்தை ஒரு மனிதனுக்கு 53 ஆண்டு ஆயுளைத் தந்தது.