அடுத்த வீட்டுப் பாட்டியின் பாஷை

கரீபியன் கடலில் ஹைட்டி என்று ஒரு சின்ன நாடு இருக்கிறது. அந்த நாட்டுக் கிராமங்களில் ஒருவர் வீட்டுக்கு இன்னொருவர் போனால் சட்டென்று உள்ளே நுழைந்துவிடுவதில்லை. வாசலில் நின்று, "ஒனே!" என்று குரல் கொடுப்பார்கள். 'கௌரவம்' என்று அர்த்தம். உள்ளே வேலையாயிருக்கும் வீட்டுக்காரி, "ரெஸ்பே!" என்று பதில் குரல் கொடுப்பாள். 'மரியாதை' என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் வந்தவர் படியேறுவார். எத்தனை அழகான வழக்கம், பார்த்தீர்களா?

இந்த இரண்டு வார்த்தைகளும் ஹைட்டிக் கிரியோல் என்ற பாஷையைச் சேர்ந்தவை. அந்தப் பாஷை இன்று ஹைட்டியோடு நிற்கவில்லை. கொடுங்கோல் ஆட்சிக்கும் வறுமைக்கும் தப்பி, 1970-களிலிருந்து ஆயிரக்கணக்கான ஹைட்டி மக்கள் படகேறி அமெரிக்காவின் புளோரிடா கரைக்கு வந்தார்கள். மியாமி நகரில் அவர்கள் கூடி வாழும் பேட்டைக்கு 'லிட்டில் ஹைட்டி' என்றே பெயர். நியூயார்க்கிலும் பாஸ்டனிலும்கூட நிறையக் குடும்பங்கள் இருக்கின்றன. 2010-ஆம் வருஷம் ஜனவரி 12-ஆம் தேதி நடந்த பூகம்பத்துக்குப் பிறகு இன்னும் பலர் வந்தார்கள்.

"வந்த இடத்துப் பாஷையை அவர்கள் அல்லவா கற்றுக்கொள்ள வேண்டும்?" என்று நீங்கள் கேட்கலாம். கற்றுக்கொள்ளத்தான் செய்கிறார்கள். ஆனால் அறுபது வயதுப் பாட்டி எப்போது இங்கிலீஷ் படித்து முடிப்பாள்? அதுவரையில் அவளுக்குத் தலைவலியும் ஜுரமும் வராமல் இருக்குமா?

நீங்கள் மியாமியில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருப்பதாகக் கொஞ்சம் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஹைட்டியிலிருந்து வந்த பாட்டி ஒருத்தி எதிரே உட்கார்ந்திருக்கிறாள். 'ஹைட்டிக்காரர்களுக்குப் பிரெஞ்சு தெரியும்' என்று யாரோ சொன்னது உங்கள் ஞாபகத்துக்கு வருகிறது. பிரெஞ்சு தெரிந்த ஒருவரைக் கூட்டி வந்து, மாத்திரையை எப்போது, எத்தனை சாப்பிட வேண்டும் என்று விளக்கச் சொல்கிறீர்கள். பாட்டி, "வீ, வீ" என்று தலையாட்டுகிறாள். 'ஆமாம், ஆமாம்' என்று அர்த்தம். உங்களுக்கும் திருப்தி. ஆனால் வீட்டுக்குப் போன பிறகு, வேளைக்கு இரண்டு மாத்திரையா, நாளைக்கு இரண்டா என்று அவளுக்குத் தெரியவில்லை. பிரெஞ்சு புரியவில்லை என்று சொல்ல அவளுக்கு வெட்கம்!

இல்லாவிட்டால், கூட வந்திருக்கும் பத்து வயதுப் பேத்திதான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கும். பாட்டியின் வியாதி கடுமையானது என்று டாக்டர் சொல்வதை, அந்தக் குழந்தை தன் வாயால் பாட்டிக்குச் சொல்ல வேண்டும். நம் வீட்டுக் குழந்தைக்கு அப்படி ஒரு பாரத்தைக் கொடுப்போமா?

பாட்டி ஏன் வெட்கப்பட வேண்டும்? அது பழைய கதை. ஹைட்டி ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர்களின் கரும்புத் தோட்ட நாடு. ஆப்பிரிக்காவின் பல பகுதிகளிலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகளுக்கு ஒருவர் பாஷை ஒருவருக்குத் தெரியாது. எஜமானர்களின் பிரெஞ்சு வார்த்தைகளை எடுத்து, தங்கள் பாஷைகளின் போக்கில் கோத்து அவர்கள் பேசிக்கொண்டார்கள். தோட்டத்தில் பிறந்த குழந்தைகளுக்கு அதுவே தாய்பாஷை ஆயிற்று. 1791-ல் அந்த அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். 1804 ஜனவரி 1-ஆம் தேதி சுதந்திரமும் பெற்றுவிட்டார்கள். ஆனால் கோர்ட்டிலும் பள்ளிக்கூடத்திலும் பிரெஞ்சே சிம்மாசனத்தில் இருந்தது. பிரெஞ்சை நன்றாகப் பேசுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். கிரியோலோ எல்லோருக்கும் தெரியும். இருந்தும் வகுப்பில் கிரியோல் பேசிய குழந்தைகளுக்குத் தண்டனை கிடைத்தது! 1987-ஆம் வருஷத்து அரசியல் சட்டத்தில்தான் பிரெஞ்சுக்குச் சமமாகக் கிரியோலும் ஆட்சி மொழி ஆயிற்று. 'பிரெஞ்சு பேசுவதாலேயே ஒருவன் புத்திசாலி ஆகிவிட மாட்டான்' என்று அந்த மக்களிடம் ஒரு பழமொழி உண்டு. இங்கிலீஷ் விஷயத்தில் நமக்கும் பொருந்தும், இல்லையா?

இப்போது ஒரு சின்னப் பாடம். பயப்படாதீர்கள், வினைச்சொல் பட்டியலை நெட்டுருப் போடும் சங்கடம் இதில் கிடையாது. 'முவென்' என்றால் நான். 'மான்ஜே' என்றால் சாப்பிடுவது. 'முவென் ஆப் மான்ஜே' - நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். 'முவென் தே மான்ஜே' - நான் சாப்பிட்டிருந்தேன். 'முவென் ப்ரால் மான்ஜே' - நான் சாப்பிடப் போகிறேன். நடுவில் உள்ள சின்ன வார்த்தைதான் மாறுகிறது. 'மான்ஜே' அசையவே இல்லை. அவன், அவள் இரண்டுக்கும் 'லி' என்ற ஒரே வார்த்தை. 'லிவ்' என்றால் புத்தகம். 'லிவ் யோ' என்றால் புத்தகங்கள். நம் 'கள்' மாதிரியே பின்னால் வந்து ஒட்டிக்கொள்கிறது!

இலக்கணம் சுலபம் என்பதற்காக இதைக் 'கொச்சைப் பிரெஞ்சு' என்று எண்ணிவிடக் கூடாது. இதற்குத் தனி இலக்கணம் உண்டு, அகராதி உண்டு. 1953-ல் மொரிஸோ-லெருவா என்ற கவிஞர், பழைய கிரேக்க நாடகமான 'ஆன்டிகனி'யின் கதையைக் கிரியோலில் எழுதினார். சமையற்கட்டுப் பாஷையில் மகாராணிகளும் பேசலாம் என்று காட்டினார்.

பிறர் பாஷையைக் கற்றவர்கள் என்ன கண்டார்கள்? தாமஸ் வென்ஸ்கி என்ற பாதிரியார் புளோரிடாவில் பிறந்தவர், போலந்து வம்சத்தவர். 1976-ல் குருப்பட்டம் பெற்ற அவர், மியாமிக்கு வந்து சேர்ந்த ஹைட்டி மக்களுக்காகக் கிரியோல் கற்றுக்கொண்டார். அவர்கள் பாஷையிலேயே பூஜை நடத்தி, பல வருஷங்கள் அவர்களோடு இருந்தார். 2010-ல் மியாமியின் பேராயராகவும் ஆனார்.

இன்னொருவர் டாக்டர் பால் ஃபார்மர். வட கரோலினாவில் டியூக் சர்வகலாசாலையில் படித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து வயல்களில் கூலி வேலை செய்த ஹைட்டி மக்களோடு அவருக்குப் பழக்கம் ஏற்பட்டது. அந்தப் பழக்கம் அவரைக் கிரியோலுக்கும், 1983-ல் ஹைட்டிக்குமே இழுத்துக்கொண்டு போயிற்று. 1987-ல் நண்பர்களோடு சேர்ந்து 'பார்ட்னர்ஸ் இன் ஹெல்த்' என்ற ஸ்தாபனத்தைத் தொடங்கினார். மலைக் கிராமங்களில் காசநோய்க்காரர்களின் வீடு தேடிப் போய் மருந்து கொடுக்க, அந்த ஊர் ஜனங்களையே பழக்கினார். 2022-ல் அவர் காலமானார். நோயாளியின் பாஷை தெரியாமல் இந்த வைத்தியம் நடந்திருக்குமா?

இன்று மியாமி-டேட் வட்டாரத்தில் வாக்குச்சீட்டு இங்கிலீஷ், ஸ்பானிஷ், கிரியோல் மூன்றிலும் அச்சாகிறது. பாஸ்டனில் மட்டஹன்ட் என்ற ஆரம்பப் பள்ளியில் 2017 முதல் குழந்தைகள் இங்கிலீஷோடு கிரியோலிலும் பாடம் படிக்கிறார்கள். பாட்டி பேசும் பாஷை கரும்பலகையில் ஏறிவிட்டது!

ஜனவரி முதல் தேதியன்று ஹைட்டிக்காரர்கள் வீட்டில் பூசணிக்காய் சூப் கொதிக்கும். அடிமைகள் சமைத்து, எஜமானர்கள் மட்டும் குடித்த சூப் அது. சுதந்திரம் கிடைத்த நாளிலிருந்து எல்லோருக்கும் உரிமையாயிற்று. அன்றைக்கு அந்த நர்ஸ் பாட்டியின் வீட்டுக்குப் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். பரிசு ஒன்றும் வேண்டாம். வாசலில் நின்று, தப்பும் தவறுமாக, "ஒனே!" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும்.

ஆஸ்பத்திரியில் வெட்கப்பட்டுத் தலையாட்டிய பாட்டி, இங்கே உச்சரிப்பைத் திருத்தும் வாத்தியாரம்மா ஆகிவிடுவாள். நர்ஸ்தான் மாணவி! அடுத்த முறை மாத்திரை கொடுக்கும்போது பாட்டி வெறுமனே தலையாட்ட மாட்டாள். புரியாவிட்டால் புரியவில்லை என்று சொல்வாள்.

'சிறுகச் சிறுகத்தான் பறவை கூடு கட்டும்' என்பது அவர்கள் பழமொழி. நாளைக்கு ஒரு வார்த்தை கற்றாலும் போதும். உள்ளேயிருந்து, "ரெஸ்பே!" என்று பதில் வரும்.