உஷார்! நெஞ்சு வருத்தக்காரருக்கு வலிக் குளிசை கொடுக்க முதல் இதை வாசியுங்கள்

உங்கள் வீட்டில் யாராவது நெஞ்சு வருத்தத்துக்கு மருந்து குடிக்கிறார்களா? உம்மாவா, வாப்பாவா, மூத்தம்மாவா? அப்படியென்றால் இப்பவே எழும்பிப் போய்ப் பாருங்கள். தலையணைக்குக் கீழே, அலுமாரி லாச்சிக்குள், பிரிஜ்ஜுக்கு மேலே. துண்டு இல்லாமல் வாங்கின வலிக் குளிசை ஒரு அட்டையாவது கிடக்கும்.

அந்த அட்டை ஆளைக் கொல்லலாம். பயமுறுத்தச் சொல்லவில்லை.

கல்முனைப் பக்கம் ஒரு உம்மா. வயது அறுபதுக்கு மேல். நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தவர். அஸ்பிரின், குளோபிடோகிரெல், பிரஷருக்கு எனலாபிரில், நீர் போக ஃபுரோசிமைட் என்று கிளினிக் மருந்தை ஒருவேளையும் தவறவிடாதவர். முழங்கால் உளைவு மட்டும் விடவில்லை. கட்டாரில் இருக்கிற மகன் அனுப்பின பெட்டியில் ஒரு பெரிய போத்தல் ஐபுபுரூஃபன் வந்தது. சுபஹுக்குப் பிறகு ஒன்று, இஷாவுக்குப் பிறகு ஒன்று. உளைவு பறந்தது. அயல் வீட்டாருக்கும் நாலு குளிசை போனது.

கிளினிக்கில் இதை அவர் சொல்லவேயில்லை. மறைத்தார் என்றில்லை. வலிக் குளிசையையும் ஒரு மருந்தென்று அவர் எண்ணவேயில்லை!

கால் வீங்கிச் செருப்புப் போட முடியாமல் வந்தது. “நடந்த களைப்பு” என்றார்கள். படுத்தால் மூச்சு முட்டியது. சுவரில் சாய்ந்தே இரவைக் கழித்தார். பிறகு மலம் தார் போலக் கறுப்பாகப் போனது. வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை. ஒரு விடியலில் வுளூ எடுக்கப் போன இடத்தில் மயங்கி விழுந்தார். வயிற்றுக்குள் இரத்தக் கசிவு. சிறுநீரகமும் பழுதுபட்டிருந்தது. “வேறென்ன குடிச்சீங்க?” என்று வைத்தியர் திரும்பத் திரும்பக் கேட்ட பிறகுதான் பேத்தி வீட்டுக்கு ஓடிப்போய் அந்தப் போத்தலைக் கொண்டு வந்தாள். உயிர் தப்பியது, அல்ஹம்துலில்லாஹ். எல்லாரும் தப்புவதில்லை.

ஏன் இப்படி? அஸ்பிரின் இரத்தம் கட்டிபடாமல் காக்கிற மருந்து. ஐபுபுரூஃபன் அது போய் ஒட்ட வேண்டிய இடத்தை முந்திப் பிடித்துக்கொள்ளும். நீங்கள் அஸ்பிரினை ஒழுங்காகக் குடித்தும் காவல் குறைந்துபோகும். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இதை 2006இலேயே எச்சரித்தது. அதே நேரம் இரண்டும் சேர்ந்து வயிற்றைப் புண்ணாக்கும். ஐபுபுரூஃபனால் உப்பையும் நீரையும் உடம்பு பிடித்துவைக்கும், பிரஷர் ஏறும், பலவீனமான இதயம் திணறும். எனலாபிரில் அல்லது லோசார்ட்டான் போன்ற பிரஷர் மருந்து, கூடவே நீர் போகிற குளிசை, அதோடு வலிக் குளிசை: இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் சிறுநீரகத்தை ஒரேயடியாகப் படுக்க வைக்கலாம். இரத்தம் கட்டிபடாமல் இருக்க வார்ஃபரின் குடிப்பவருக்கு ஆபத்து இன்னும் பெரிது.

டைக்ளோஃபெனக் என்ற வலிக் குளிசை இன்னும் மோசம். இதய வருத்தம் உள்ளவர் அதைத் தொடவே கூடாது என்று ஐரோப்பிய மருந்து முகவரகம் 2013இல் சொன்னது. பிரித்தானியாவில் 2015இலிருந்து அந்தக் குளிசையைத் துண்டு இல்லாமல் விற்க முடியாது. நம்மிடம் அதன் பெயரே பலருக்குத் தெரியாது. “நாரி உளைவுக்கு ரெண்டு தாங்க” என்று கேட்டு, பெயர் எழுதாத கடதாசிக் கவரில் வாங்கி வருகிறோம். மருதமுனையில் தறியில் குந்தியிருந்து நாரி பிடித்தவருக்கும், வலை இழுத்துத் தோள் உளைந்தவருக்கும் அதே கவர். கவரில் பெயர் இல்லையென்றால் விழுங்காதீர்கள். பெயரை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். நெஞ்சுக்கு மருந்து குடிப்பதையும் அதே இடத்தில் சொல்லுங்கள்.

நோன்பு காலத்தில் இரட்டைக் கவனம். நாள் முழுக்கத் தண்ணீர் இல்லை. வெறும் வயிற்றில் நோன்பு திறந்த கையோடு தலையிடிக்கு ஒரு வலிக் குளிசை. காய்ந்த உடம்பில் சிறுநீரகத்துக்கு விழுகிற அடி அது. நோன்புக்கு முதலே கிளினிக்கில் மருந்து நேரத்தைப் பேசி வையுங்கள்.

காய்ச்சலா? டெங்கு இல்லையென்று தெரியும்வரை ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனக் போன்ற வலிக் குளிசைகள் வேண்டவே வேண்டாம். 2006 கடைசியில் சிக்குன்குன்யா கல்முனையைப் போட்டு வாட்டியது. அந்தக் காய்ச்சலில் வரும் மூட்டு உளைவு சிலருக்கு மாதக்கணக்கில் விடாது. அப்படி வந்தாலும் வைத்தியரைக் கேட்டே வலிக்கு மருந்து.

அப்போ எதைத்தான் குடிப்பது? பெரும்பாலானவருக்குப் பரசிட்டமோல், அதாவது பெனடோல். 500 மில்லிகிராம் குளிசை 24 மணித்தியாலத்தில் எட்டுக்கு மேல் கூடவே கூடாது. மெலிந்தவர், வயதானவர், ஈரல் வருத்தக்காரருக்கு அதுவும் அதிகம். தடிமன் மருந்துக்குள்ளும் பரசிட்டமோல் இருக்கும், சேர்த்து எண்ணுங்கள். தண்ணீரில் நுரைத்துக் கரைகிற வகையில் ஒரு குளிசைக்கு ஏறக்குறைய 400 மில்லிகிராம் சோடியம் உண்டு. இதயம் பலவீனமானவருக்கு அது ஆகாது. வார்ஃபரின் குடிப்பவர் பரசிட்டமோலையும் நாள்கணக்கில் தொடரக் கூடாது, கிளினிக்கில் சொல்ல வேண்டும்.

இவற்றைக் கண்டால் விடியட்டும் என்று காத்திராதீர்கள். கறுத்த மலம். கோப்பித் தூள் போன்ற வாந்தி. நெஞ்சு இறுக்கம். படுக்க முடியாத மூச்சு. முகம் கோணுதல், ஒரு பக்கம் கை கால் விழுதல், பேச்சுக் குழறுதல். உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸுக்கு அடியுங்கள். கால் வீங்கினாலோ, இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ எடை ஏறினாலோ, சிறுநீர் குறைந்தாலோ அன்றைக்கே வைத்தியரிடம் போங்கள்.

இன்னொன்று. இதை வாசித்துப் பயந்து அஸ்பிரினையோ குளோபிடோகிரெலையோ நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்! ஸ்டென்டுக்குள் இரத்தம் கட்டிபட்டு ஆள் போய்விடலாம். நிறுத்த வேண்டியது அந்த லாச்சிக்குள் கிடக்கிற அட்டையை. அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது கொப்பியோடு அதையும், வெளிநாட்டுப் போத்தலையும், பூசுகிற தைலத்தையும் ஒரே பையில் போட்டு வைத்தியரின் மேசையில் வையுங்கள்.