எந்த நாமத்திற்குள்? திருமுழுக்கு வாசகமும் திருமறை ஆதாரமும்

ஓசூர் மூன்று மொழிகள் சந்திக்கும் ஊர். 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை தோன்றிய பின்னர், தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்தும் கருநாடக, ஆந்திரப் பகுதிகளிலிருந்தும் தொழிலாளர் வந்து குடியேறினர். அவர்களோடு பல திருச்சபை மரபுகளும் வந்தன. இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தின் இவ்வெல்லைப் பகுதியில் ஆயர்பணி புரிவோர் எதிர்கொள்ளக்கூடிய வினா ஒன்றை ஈண்டு ஆராய்வோம்.

தென்மாவட்டச் சிற்றூர் ஒன்றில் குழந்தைப் பருவத்தில் திருமுழுக்குப் பெற்ற இளைஞர் ஒருவர் ஆலைவேலைக்காக இங்கு வருகிறார் என்று கொள்வோம். உடன் தங்கியிருப்பவர் அழைத்துச் சென்ற ஜெபக்கூட்டத்தில், “அப்போஸ்தலர் இயேசுவின் நாமத்தில் மட்டுமே கொடுத்தனர், ஆகவே உமது ஞானஸ்நானம் செல்லாது” என்று அவருக்குச் சொல்லப்படுகிறது. ‘நான் கிறிஸ்தவன்தானா?’ என்ற கலக்கத்தோடு அவர் ஆயரை நாடுகிறார். அவருக்கு நாம் என்ன மறுமொழி கூறுவோம்?

1. திருமறைப் பகுதிகள்

மத்தேயு 28:19 பிதா, குமாரன், பரிசுத்த ஆவி ஆகிய மூவரையும் குறிப்பிடுகிறது. அப்போஸ்தலர் நடபடிகளிலோ (2:38, 8:16, 10:48, 19:5) இயேசுவின் அல்லது கர்த்தரின் நாமம் மட்டுமே காணப்படுகிறது. இவ்வேறுபாடு உண்மையானது, அதை மறைத்தல் நேர்மையன்று.

எனினும் மூலமொழியை நோக்குதல் வேண்டும். நடபடிகளிலேயே ஒரே சொற்றொடர் வழங்கவில்லை. 2:38இல் ‘எப்பி’, 10:48இல் ‘என்’, 8:16இலும் 19:5இலும் ‘எய்ஸ்’ என்னும் முன்னிடைச்சொற்கள் வருகின்றன. நமது பழைய மொழிபெயர்ப்பு இவை அனைத்தையும் ‘நாமத்தினாலே’ என்றே தருவதால் வேறுபாடு மறைந்துவிடுகிறது. மாறாத ஒரு வாசகத்தை லூக்கா வரையறுத்திருந்தால், சொற்றொடர் இங்ஙனம் மாறியிராது. பெரும்பாலும் அவர் ஆயர் உச்சரித்த சொற்களை அன்று, திருமுழுக்கின் பொருளையே உரைக்கிறார் எனலாம். ஆயினும் இயேசுவின் நாமம் அச்சடங்கில் அறிக்கையிடப்பட்டது என்பதை 22:16 உணர்த்துகிறது. அதை நாம் மறுக்க வேண்டியதில்லை.

2. ‘எய்ஸ்’ என்னும் சொல்

மத்தேயு 28:19இலும் இச்சொல்லே உள்ளது. ‘உள்ளே செல்லுதல்’ என்பது இதன் அடிப்படைப் பொருள். தமிழில் ‘நாமத்திலே’ என்றும், கன்னடத்தில் ‘ஹெசரினல்லி’ என்றும் இடப்பொருளில் பெயர்த்துள்ளனர். தெலுங்கு வேதாகமமோ ‘நாமமுலோனிகி’, அதாவது ‘நாமத்திற்குள்’, என்று மூலத்தை நெருங்கிச் செல்கிறது. உரோமர் 6:3இல் தமிழ் மொழிபெயர்ப்பும் ‘கிறிஸ்து இயேசுவுக்குள்ளாக’ என்றே கூறுகிறது. நமது எல்லைப்புறச் சபைகளில் அடுத்த வீட்டாரின் வேதாகமமே நமக்கு விளக்கவுரையாக அமைவது மகிழ்ச்சிக்குரியது.

கிரேக்க வணிக வழக்கில் இத்தொடர் ஒருவரது கணக்கில் வரவு வைத்தலையும் குறித்தது. ஆகவே திருமுழுக்குப் பெற்றவர் கடவுளுக்கு உரியவராக்கப்படுகிறார். 1 கொரிந்தியர் 1:13இல் பவுல் தம் பெயரால் கட்சி கட்டியோரைக் கடிந்துகொள்வதும் இக்கருத்தைக் கொண்டே. மேலும், மத்தேயுவில் ‘நாமம்’ ஒருமையில் உள்ளது. மூவர் குறிப்பிடப்படினும் நாமம் ஒன்றே.

3. சபை வரலாறு

பழைமையான சபை ஒழுங்கு நூலாகிய ‘திதாகே’யின் 7ஆம் அதிகாரம் திரித்துவ வாசகத்தைக் கட்டளையிடுகிறது, அதன் 9ஆம் அதிகாரமோ கர்த்தருடைய நாமத்தில் திருமுழுக்குப் பெற்றோரைக் குறிப்பிடுகிறது. இரண்டும் முரண்பட்டவையாக அந்நூலுக்குத் தோன்றவில்லை. 314இல் கூடிய ஆர்ல் சங்கம், பிரிந்த குழுவினரிடம் திரித்துவ நாமத்தில் திருமுழுக்குப் பெற்று வந்தோருக்கு மீண்டும் திருமுழுக்குக் கொடாமல், கைகளை வைத்து ஏற்குமாறு தீர்மானித்தது. இயேசுவின் நாமத்தில் மட்டுமே கொடுத்தல் வேண்டும் என்னும் இன்றைய இயக்கம் 1913, 1914ஆம் ஆண்டுகளில் அமெரிக்கப் பெந்தெகொஸ்தே வட்டாரத்தில் எழுந்தது. 1916இல் அசெம்பிளிஸ் ஆஃப் காட் சபையே அதை ஏற்க மறுத்தது. 1982ஆம் ஆண்டு லீமா அறிக்கை திரித்துவ நாமத்தை வலியுறுத்துவதோடு, மறுதிருமுழுக்கு எனக் கருதத்தக்க எதையும் தவிர்க்கும்படி கேட்டுக்கொள்கிறது.

4. ஆயர்பணிக்கு

அவ்விளைஞருக்கு நாம் கூறத்தக்கது இதுவே: “தம்பி, நீர் பெற்றது இயேசுவின் திருமுழுக்கே. அவரைத் தவிர்த்துப் பிதாவின் நாமமும் இல்லை, ஆவியின் நாமமும் இல்லை. நீர் அவருக்கு உரியவர். அது திரும்பச் செய்யப்பட வேண்டியதன்று.” கண்டனத்தைவிட இவ்வுறுதியே அவருக்குத் தேவை.

மறுபுறமும் உண்டு. இயேசுவின் நாமத்தில் மட்டும் முழுக்குப் பெற்ற ஒருவர் நமது சபையில் சேர விரும்பின், ஆயர் தாமே விரைந்து முடிவு செய்யாமல், பேராயத்தின் வழிகாட்டுதலைப் பெறுதல் வேண்டும். முதலில் அவரது விசுவாசத்தைப் பொறுமையுடன் கேட்க வேண்டும். சொல்லில் குறை இருப்பது ஒன்று, திரித்துவத்தையே மறுப்பது மற்றொன்று.

திருமுழுக்கு நாளில் ஆயர் அவ்வாசகத்தை விரைந்து ஒப்புவித்துவிட்டு, அதன் பொருளைப் போதியாது விடுவாராயின், அவ்விளைஞரின் கலக்கத்திற்கு நாமும் ஓரளவு பொறுப்பாளிகளே. ஆயத்த வகுப்புகளில் ‘எந்த நாமத்திற்குள்?’ என்னும் வினாவிற்கு முதலிடம் தருவோமாக.