அனுபவத்துக்கு யார் விலை வைப்பது?

வேலை அனுபவம் கூடக்கூடச் சம்பளமும் கூடும் என்று எல்லோரும் நம்புகிறோம். ஆனால் எதை அனுபவமாக எண்ணுவது, அதற்கு என்ன விலை வைப்பது என்பதைச் சம்பளம் கொடுப்பவர்தான் தீர்மானிக்கிறார். பெண்களின் அனுபவத்துக்கு அந்தக் கை எப்போதும் குறைவாகவே அளந்திருக்கிறது. ரொறொன்ரோவில் பெல் நிறுவனம் தொலைபேசி இணைப்பகத்துக்கு முதலில் பையன்களைத்தான் வைத்தது. அவர்கள் துடுக்காகப் பேசினார்கள். பெண்கள் பொறுமையாகப் பேசினார்கள், குறைந்த சம்பளத்துக்கும் கிடைத்தார்கள். துளைகள் நிறைந்த பலகைக்கு முன்னால் உயர்ந்த நாற்காலியில் உட்கார்ந்து, அழைப்பு வந்ததும் வடத்தை இழுத்துச் சரியான துளையில் செருக வேண்டும்; அது முடியுமுன் அடுத்த அழைப்பு வந்துவிடும். தொலைதூரக் கம்பிகளில் சில வேளை மின்சாரமும் அடிக்கும். 1907-இல் நிறுவனம் 5 மணிநேர வேலையை 8 மணிநேரமாக்கியது. நேரம் 60 சதவீதம் கூடியது, சம்பளம் அந்த அளவுக்கு ஏறவில்லை. சுமார் 400 பெண்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். பின்னாளில் பிரதமரான மெக்கென்சி கிங் இருந்த விசாரணைக் குழுவிடம், அந்த வேலை நரம்புகளை எப்படிக் கெடுக்கிறது என்று மருத்துவர்கள் சாட்சி சொன்னார்கள். 1924-இல் எண்ணைச் சுழற்றும் தொலைபேசி நகருக்கு வந்தது. அந்தப் பெண்களின் விரல்களின் பழக்கம் மெல்ல மெல்ல இயந்திரத்துக்குள் போனது. இயந்திரத்தைப் பராமரிக்கும், கூடுதல் சம்பள வேலையோ ஆண்களிடம் போனது. அதே நிறுவனத்தின் தொலைபேசி இணைப்பாளர்கள் 1990-களில் சம ஊதியம் கேட்டு முறையிட்டு, 2006-இல்தான் சுமார் 10 கோடி டொலர் இணக்கத்தைப் பெற்றார்கள்.

பிள்ளை வளர்க்க வேலையை விடுவதால் பெண்களுக்கு அனுபவம் குறைகிறது, சம்பளமும் குறைகிறது, இதில் அநியாயம் எங்கே என்று கேட்பார்கள். பகுதிநேர வேலையும், பெண்கள் சேரும் துறைகளும் இடைவெளிக்குக் காரணம் என்பது உண்மைதான். ஆனால் 2018-இல் கனடாவில் 25 முதல் 54 வயதுப் பெண்களின் மணிக்கூலி ஆண்களைவிட 13.3 சதவீதம் குறைவு. கல்வி, தொழில், துறை, ஒரே இடத்தில் வேலைசெய்த காலம் எல்லாவற்றையும் கணக்கிட்ட கனடா புள்ளிவிவரத் திணைக்களத்தால் அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக்குக் காரணம் காட்ட முடியவில்லை.

புலம்பெயர்ந்து வந்தவர்களுக்கு இந்த அளவுகோல் இன்னும் கொடியது. கொழும்பில் பத்து வருடம் கணக்கு எழுதியவரிடம் ‘கனேடிய அனுபவம் இருக்கிறதா?’ என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், அந்தப் பத்து வருடமும் பூச்சியம். இப்படிக் கேட்பது பாகுபாடு என்று ஒன்ராறியோ மனித உரிமை ஆணையம் 2013-இலேயே சொல்லிவிட்டது. 2026 ஜனவரி 1 முதல் ஒன்ராறியோவில், 25 பேரோ அதற்கு மேலோ வேலைசெய்யும் இடங்கள் பொது விளம்பரத்தில் அதைக் கேட்க முடியாது. சம்பள வரம்பைச் சொல்ல வேண்டும். விண்ணப்பங்களைச் செயற்கை நுண்ணறிவு வடிகட்டினால் அதையும் சொல்ல வேண்டும். இது நிர்வாகத்துக்குச் சுமை என்கிறார்கள் சிலர். சம்பளத்தை எப்படியும் முன்கூட்டியே தீர்மானிக்கிற நிறுவனத்துக்கு அதை விளம்பரத்தில் ஒரு வரியாக எழுதுவது பெரிய சுமையல்ல. எனக்கு உறுத்துவது வேறு. இயந்திரம் இருக்கிறது என்று மட்டும் சொன்னால் போதும். பிள்ளைக்காக வீட்டிலிருந்த மூன்று வருடத்தை அது எப்படி எண்ணியது என்பதை விளம்பரத்தில் சொல்லத் தேவையில்லை.