கதைவழியே இயற்கைப் பற்று

“குப்பை போடாதே” என்னும் கட்டளையைக் குழந்தை மறக்கும்; கதையை மறவாது. விம்பிள்டன் பொதுவெளியில் மனிதர் எறிந்தவற்றைத் திரட்டிப் பயன்படுத்தும் ‘வோம்பிள்கள்’ என்னும் கற்பனை உயிர்களை எலிசபெத் பெரஸ்போர்ட் 1968இல் நூலில் படைத்தார். தமிழிலும் இத்தகைய கதை உண்டு. மகள் விளையாட்டாய் மணலில் புதைத்த விதை புன்னையாக முளைக்கிறது. நெய் கலந்த பாலூற்றி வளர்க்கிறாள். அது அவளுக்கு உடன்பிறந்தாள் என்கிறாள் தாய். இது நற்றிணை 172ஆம் பாடலில் உள்ளது.

பெற்றோர் இவற்றை வீட்டில் தமிழிலேயே சொல்லலாம். சிறுவர் நூல்களைப் பொது நூலகத்தில் கட்டணமின்றி இரவல் பெறலாம். கதை முடிந்ததும் குழந்தையுடன் ஒரு விதை ஊன்றுங்கள். தங்கையென அழைத்த செடியைக் குழந்தை ஒடிக்காது. நாம் தெருவில் எறியும் தாளோ, சொன்ன கதையைப் பொய்யாக்கிவிடும்.